கண்ட்ரோல் உன்னுது

இடது பெடல் தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அவருடைய கால்கள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் மடங்கியிருந்தன.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். கிண்ணென்று இருந்தது. விட்டதும் பழைய இடத்துக்கு வந்து நின்றது. சரி, கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியே நல்ல வெயில். திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னலுக்குப் பழைய கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டிருந்ததால், அந்த ஒரு அறைக்கு மட்டும் சீக்கிரமே பொழுது சாய்ந்துவிட்டதுபோல் இருந்தது. கம்ப்யூட்டர் விசிறியின் ஓயாத இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, கம்பளியின் தூசி நெடி. அதற்குள் எங்கேயோ லேசாகப் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தது. தெருவில் எவனோ வண்டிக்கு ஊற்றுகிறான் என்று விட்டுவிட்டார்.

ஒரு காலத்தில் துணி காயப்போட்ட அறை அது. இப்போது அங்கே மூன்று திரைகள், மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கும் யோக் என்கிற விமான ஸ்டியரிங், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடி, தரையில் விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் பெடல்கள். வீட்டிலேயே உட்கார்ந்து விமானம் ஓட்டும் சிமுலேட்டர். "உங்கப்பாவோட ரெண்டாம் சம்சாரம்" என்று அவர் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத நிறக்குருடு என்று சின்ன வயதிலேயே பைலட் ஆசையில் மண் விழுந்தது. அந்த ஆசை மகளிடம் போய் முளைத்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்னமும் வீட்டில் பாப்பாதான். பாப்பா இன்று முதல்முறையாக, பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாமல், தனியாகப் பறக்கப் போகிறாள்.

அவர் போகவில்லை. போகக்கூடாது என்று அவள்தான் சொல்லிவிட்டாள்.

"நீங்க வந்து நின்னா எனக்குக் கை உதறும்ப்பா. அம்மா வரட்டும். நீங்க வீட்ல இருந்தே என்கூடப் பறந்து வாங்க."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதே விமானம், அதே ஓடுதளம், அதே சமயம். சரியாகப் போன வாரம் பார்த்து, சிமுலேட்டர் பிரியர்கள் கூடும் ஒரு இணைய ஃபோரத்தில் அவளுடைய பயிற்சி விமானமே கிடைத்தது. யாரோ ஒரு பெயரில்லாத ஆள் அதை, சிமுலேட்டரில் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆனாகச் செய்து இலவசமாகப் போட்டிருந்தான். இரண்டே இருக்கைகள் உள்ள கிழட்டு விமானம். வாலில் அதே பதிவு எழுத்துகள், கதவோரம் அதே கீறல், வெயில் மறைப்புப் பலகையில் அதே விரிசல். எந்தப் புண்ணியவானோ என்று வாயெல்லாம் பல்லாக இறக்கி வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. மற்ற விமானங்களெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. இதில் ஏறினால் மட்டும் ஏதோ ஒன்று இடது பக்கமாக இழுத்தது. அவர் வலது பெடலை மிதித்தால் எதிர்த்து மிதித்தது. விடாப்பிடியாக, ஆனால் அவசரமில்லாமல்.

இதற்கு மருந்து அவருக்குத் தெரியும். ஒரே வேலையை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்துவிட்டால் இப்படித்தான் வரும். சில ஆட்-ஆன்கள் கேட்காமலேயே தங்கள் செட்டிங்ஸையும் கூட அழைத்து வந்துவிடும். பெடல் செய்யவேண்டிய வேலையை த்ராட்டிலில் இருக்கும் ஏதோ ஒரு சின்னச் சக்கரத்துக்கும் கொடுத்து வைக்கும். இரண்டும் மல்லுக்கு நிற்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றினால் சண்டை ஓய்கிறதோ அதைப் பிடித்து நீக்க வேண்டும். லிஃப்ட் பாதி மாடியில் நின்றாலும் இதே வைத்தியம்தான்.

செட்டிங்ஸைத் திறந்தார். யோக். த்ராட்டில். பெடல். கீபோர்டு. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி. அதில் பெயர் இல்லை. கருவியின் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் மட்டும் இருந்தது.

அதன்மீது அழுத்தினார். பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று காட்டும் வெள்ளைக் கோடு திரையில் தோன்றியது. இடது பக்கம் மெல்ல நீண்டது. சுருங்கியது. மறுபடி நீண்டது.

பெடலின் ஒயரைப் பிடுங்கினார். பட்டியலில் பெடல் மறைந்தது. ஐந்தாவது வரி அப்படியே இருந்தது. த்ராட்டிலைப் பிடுங்கினார். யோக்கைப் பிடுங்கினார். மேசையில் மிச்சமிருந்தது கீபோர்டு மட்டும். வெள்ளைக் கோடு நீண்டு சுருங்கிக்கொண்டே இருந்தது. கீழே கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டுக் குனிந்தார்.

பிடுங்கிய ஒயர் அவர் மடியில் கிடந்தது. பெடல் கோட்டோடு கோடாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

யோக் அசைந்திருந்தால் கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அதற்குள் மோட்டார் உண்டு, கைக்கு உண்மையான விமானத்தின் கனம் தெரியவேண்டும் என்பதற்காக. பெடலில் இருப்பது இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு இரும்புத் தகடும்தான். அதை அசைக்க ஒரு கால் வேண்டும். வேலையை விட்டு எழுந்து போய்விடலாம் என்று பாதி எழுந்தார். அப்போதுதான் கைபேசி ஒளிர்ந்தது.

"போறேன்ப்பா. கூட வாங்க." பாப்பாவின் செய்தி. பறக்கும்போது அவள் கைபேசியை அணைத்துவிடுவாள்.

எழுந்தவர் உட்கார்ந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. பிடுங்கிய ஒயர்களையெல்லாம் திரும்பச் செருகிவிட்டு விமானத்துக்குள் நுழைந்தார். நடுத்திரையில் விமானி இருக்கையிலிருந்து பார்க்கும் காட்சி விரிந்தது. ஹெட்போனில் இன்ஜினின் முனகல். உயரம் காட்டும் முள்ளுக்குக் கீழே ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர்.

நேற்றுவரை அது அங்கே இல்லை.

முந்தாநாள் சாப்பிடும்போதுதான் பாப்பா சொன்னாள், இறங்கும்போது கண் எங்கே போகவேண்டும் என்று மறந்துவிடுகிறது, அதனால் அந்த முள்ளுக்குக் கீழே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன் என்று. அவள் ஒட்டியது நிஜ விமானத்தில். இது போன வாரமே இறக்கி வைத்த ஆட்-ஆன். ஓரம் லேசாக மடங்கி, நகத்தால் தேய்த்து ஒட்டிய தடத்தோடு, அந்த ஸ்டிக்கர் இங்கே இருந்தது.

பெட்ரோல் வாசனை இப்போது தெளிவாக வந்தது. தெருவிலிருந்து அல்ல.

கைபேசியில் விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலியைத் திறந்தார். விரல் வழுக்கியது. அவளுடைய விமானத்தின் எழுத்துகள். ஓடுதளத்தைவிட்டு மேலேறிய ஒரு சின்ன விமானக் குறி. அவருடைய திரையில் இருந்த விமானமும் அதே வயல்களுக்கு மேல், அதே உயரத்தில், அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைக் கிளப்பவே இல்லை.

வேண்டாம் என்று மனம் கதறியது. ஆனாலும் காலைத் தூக்கி வலது பெடலின்மேல் வைத்தார். லேசாக, முட்டையை மிதிப்பதுபோல் மிதித்தார்.

சற்றுப் பொறுத்துக் கைபேசியில் அந்தக் குறி வலப்பக்கம் வளைந்தது. காலை எடுத்தார். குறி தள்ளாடி நேரானது.

அடக் கடவுளே.

புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார். அந்தப் பெயரில்லாத ஐந்தாவது கருவி வேறு எதுவும் இல்லை. அவருடைய பெண்ணின் கைகள். அவளுடைய கால்கள். அவள் மேலே இருக்கிறாள், தன்னந்தனியாக. இவர் கீழே உட்கார்ந்துகொண்டு அவளோடு இழுபறி செய்துகொண்டிருக்கிறார். ஒரு விமானத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அது இரண்டு பேர் பேச்சையும் கேட்காது. அவர் கையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. யோக்கில் இருக்கும் மோட்டார் அதைத் தானாக நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி அவளைத் தடுக்கும். திரையில் அடிவானம் சாய்ந்தது. நேரானது. மறுபடி, முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் அந்த மகராசி.

ஒரே வழிதான். தன்னை எடுத்துவிட வேண்டும்.

செட்டிங்ஸுக்குப் போனார். த்ராட்டிலின் வேலைகளை நீக்கினார். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம். பெடலை நீக்கினார். நிச்சயமாகவா. ஆமாம், ஆமாம், சனியனே. கீபோர்டையும் நீக்கினார். ஐந்தாவது வரியின் பக்கம் சுட்டியைக் கொண்டு போகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார். அதைத் தொட்டால் அவள் கையை வெட்டியதுபோல் ஆகிவிடும். கடைசியாக யோக்.

அங்கே அவர் விரல் நின்றது.

பாப்பா சின்னவளாக இருந்தபோது இதே யோக்குக்காக அப்பாவும் பெண்ணும் அடித்துக்கொள்வார்கள். அதற்காக ஒரு சட்டம் வைத்தார்கள். நிஜ விமானிகளுக்கும் இருக்கும் சட்டம்தான். விடுகிறவர் "கண்ட்ரோல் உன்னுது" என்று சொல்லவேண்டும். வாங்குகிறவர் யோக்கை இடமும் வலமுமாக இரண்டு தரம் ஆட்டி, "என்னுது" என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் கையை எடுக்கக்கூடாது. அவருடைய தொழிலிலும் அப்படித்தான். லிஃப்ட் கூண்டின்மேல் கூட்டாளி நிற்கும்போது, அவன் குரல் காதில் விழாமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது. டார்ச் அடித்தான், கம்பியில் தட்டினான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு தொட்ட பையன்களை அவர் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார்.

யோக்கின்மேல் கை வைத்தார்.

"பாப்பா. கண்ட்ரோல் உன்னுது."

ஹெட்போனில் இன்ஜின் மட்டும் முனகியது. குரலுக்காகக் காத்திருந்தார். அடிவானம் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே மரங்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன.

"கண்ட்ரோல் உன்னுதுடா கண்ணு. எடுத்துக்கோ. அப்பா விட்டுடறேன்."

யோக் அவர் கைக்குள் ஆடியது. இடம், வலம். பிறகு இன்னொரு தரம்.

பிறகு இன்னொரு தரம்.

மூன்று. பயத்தில் ஒன்று கூட ஆட்டியிருப்பாள் குழந்தை, பாவம். கண்ணீர் கண்ணை மறைக்க, தடுமாறித் தடுமாறி அழுத்தினார். நிச்சயமாகவா. ஆமாம்.

உடனே எல்லாம் அடங்கியது. அடிவானம் கோடு போட்டதுபோல் நின்றது. விமானம் அழகாக ஒரு அரை வட்டம் அடித்து, இன்ஜினைத் தணித்து, ஓடுதளத்தில் இறங்கியது தெரியாமல் இறங்கியது. கைபேசியிலும் அந்தக் குறி ஓடுதளத்தில் வந்து நின்றது. அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். வெட்கமே இல்லாமல் அழுதார். இந்தக் கருமத்தையெல்லாம் இன்றைக்கே மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவேன் என்று யாரிடமோ சத்தியம் செய்தார்.

கைபேசி அடித்தது. பாப்பா.

"இறங்கிட்டியாம்மா? ஒண்ணும் ஆகலையே உனக்கு?"

"எங்கப்பா இறங்கறது? நான் இன்னும் ஏறவே இல்ல."

அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கிளம்பற நேரத்துல காத்து எப்படி இருக்குன்னு பார்க்கணும்னு சொல்லித்தர்ற சாரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. முதல்ல ரொம்ப இழுத்துதாம்ப்பா. பக்கத்து சீட்ல யாரோ உக்காந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சாம். இன்னைக்கு வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தாராம். அப்புறம் பார்த்தா திடீர்னு சரியாயிடுச்சு. வெண்ணெய் மாதிரி போகுதுன்னாரு. மெக்கானிக் அண்ணாவும் பெடலெல்லாம் மிதிச்சுப் பார்த்துட்டாரு. எல்லாம் சரியா இருக்கு, நீ போம்மான்னுட்டாங்க."

திரையில் காட்சி தானாக வெளிப்பக்கம் மாறியிருந்தது; விமானம் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. இருக்கை இரண்டும் காலி. உள்ளே ஆள் இல்லை. மேசையில் அவர் கண்ணுக்கு முன்னால் யோக் மெதுவாக ஆடியது. இடம், வலம். இடம், வலம். இடம், வலம்.

"பாப்பா. ஏறாத." எழுந்தே நின்றுவிட்டார். "இன்னைக்கு வேணாம். அப்பா சொல்றேன்ல. அதுல ஏறாத."

அவள் சிரித்தாள். "இதுக்குத்தான் உங்களை வர வேண்டாம்னேன். என்னைக் குளிப்பாட்ட வாளியில தண்ணி கூட ரொப்பி வச்சுட்டாங்கப்பா. முதல் தரம் தனியாப் போயிட்டு வந்தா தலையில ஊத்துவாங்களே, அது. சரி, கூப்பிடறாங்க. வச்சுடறேன்."

"பாப்பா."

வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டார். அணைத்திருந்தது. பயிற்சி நடக்கும் ஃப்ளையிங் கிளப் அலுவலகத்துக்குப் போட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் வாளியோடு வெளியே நிற்பார்கள். மனைவிக்குப் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தரையில் கிடத்தினார்.

சண்டை போட்டது அவளோடு இல்லை. சண்டை போட்ட ஒரே ஆள் அவர். அவரும் விட்டுவிட்டார். விட்டதால்தான் அது சாதுவாகப் பறந்தது. சாதுவாகப் பறந்ததால்தான் அவளை ஏற்றுகிறார்கள்.

செட்டிங்ஸ். பட்டியலில் ஒரே ஒரு வரி. பெயரில்லாத வரி. பெடலைப் பிடுங்கிச் செருகினார். வரவில்லை. யோக்கைப் பிடுங்கிச் செருகினார். வரவில்லை. அந்த ஒற்றை வரியின்மேல் வைத்து நீக்கு என்று அழுத்தினார். இந்தக் கருவி பயன்பாட்டில் உள்ளது என்றது. அழுத்தினார். பயன்பாட்டில் உள்ளது. அழுத்தினார். பயன்பாட்டில் உள்ளது.

நடுத்திரையில் இன்ஜின் உறுமிக் கிளம்பியது.

மேசைக்கு அடியில் பாய்ந்து பிளக்கை வேரோடு பிடுங்கினார்.

திரைகள் இருண்டன. விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவருடைய மூச்சு மட்டும். தரையில் கைபேசியின் மணி மட்டும்.

தலைக்குமேல் கிரீச் என்றது.

நிமிர்ந்து பார்த்தார். யோக் நாற்காலியை நோக்கி மெல்ல, மிக மெல்லப் பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. விமானம் தரையை விட்டு எழும்போது இழுப்பார்களே, அப்படி.

"என்னங்க," கைபேசியில் மனைவியின் குரல். பின்னால் இன்ஜின் சத்தம், கைதட்டல். "ஏறிட்டாங்க நம்ம பாப்பா. என்ன அழகா ஏறிட்டா தெரியுமா. நீங்க பார்த்திருக்கணும்."

அவர் யோக்கைத் தாவிப் பிடித்துத் தொங்கினார். அவரையும் சேர்த்துத் திருப்பியது. தரையில் விழுந்தார். இடது பெடல் இறங்க ஆரம்பித்திருந்தது. தவழ்ந்து போனார். இரண்டு கைகளையும் பெடலுக்கு அடியில் கொடுத்தார். தோளைத் தந்து முட்டுக் கொடுத்துத் தூக்கினார். இரும்பு பனிக்கட்டிபோல் இருந்தது. நிற்கவில்லை. அவசரமும் இல்லை.

"என்னங்க, அவ ஏன் இடது பக்கமா திரும்பறா? அந்தப் பக்கம் போகக்கூடாதே?"

விட மாட்டேன். விட மாட்டேன்டி கண்ணு. அப்பா பிடிச்சிருக்கேன்.

"ஏங்க இப்படி சாய்க்கறா? சார், ஏன் சார் அப்படிப் பண்றா? என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

நாற்காலியிலிருந்து ஹெட்போன் வழுக்கி அவர் காதோரம் விழுந்தது. அதன் ஒயர் செத்துப்போன கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. மேலே யோக் மூன்று தரம் ஆடியது. ஹெட்போனுக்குள் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு குரல் வாயைத் திறந்து சொன்னது. அவருடைய குரல். குட்டிப் பெண்ணோடு விளையாடும்போது, வேண்டுமென்றே இழுத்து இழுத்து அவர் சொல்வாரே, அதே குரல்.

"என்னுது."

அவருடைய பத்து விரல்களையும் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, பெடல் தரையைத் தொட்டது.